காலண்டர் ஆப் எடுப்பதற்கு முன்னால்

"போன்ல காலண்டர் வெச்சுக்கலாம்னு இருக்கேன். எந்த ஆப் நல்லது?"

புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலாக யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள், இவரும் இறக்கிக்கொள்வார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் சுவர்க் காலண்டரில் பேனாவால் சுழித்துக்கொண்டிருப்பார். அல்லது அதைவிட மோசம்: ஒரு வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தியிருப்பார், போன் தண்ணீரில் விழுந்திருக்கும், அத்தனை தேதியும் அதோடு போயிருக்கும்.

பெயர் சொல்வது சுலபம். ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். "எந்த ஆப்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "என் தேதிகள் எங்கே இருக்கப்போகின்றன?" இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

சுவர்க் காலண்டர் செய்யாத மூன்று வேலைகள்

கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுழித்து வைப்பது, பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி போடுவது, டாக்டர் திரும்ப வரச்சொன்ன சீட்டை அதே ஆணியில் குத்தி வைப்பது. இதெல்லாம் சுவரிலேயே நன்றாக நடக்கும் காரியங்கள். இதற்காக மட்டும் யாரும் போனுக்கு மாற வேண்டியதில்லை.

சுவரால் முடியாதவை மூன்று. வெளியே போகும்போது கூட வராது. நேரம் வந்தால் கூப்பிட்டுச் சொல்லாது. வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் பிரீமியம், பத்து வருடத்துக்கு ஒருமுறை பாஸ்போர்ட் புதுப்பித்தல். நாம் தவறவிடுவது பெரும்பாலும் இந்த மாதிரி, நீண்ட இடைவெளியில் வருகிறவற்றைத்தான். அந்த இடைவெளிக்குள் சுவர்க் காலண்டரே மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில் எழுப்ப அலாரம் போதும். "என்றைக்காவது மின்விசிறியை ரிப்பேர் பண்ணணும்" என்பது ஒரு சாதாரணப் பட்டியலில் இருக்க வேண்டியது. குறிப்பிட்ட நாளும் நேரமும் உள்ளது மட்டும் காலண்டருக்குப் போகட்டும். எல்லாவற்றையும் அதில் கொட்டினால் எது முக்கியம் என்றே தெரியாமல் போய்விடும்.

காட்டும் காலண்டர், வைத்திருக்கும் காலண்டர்

ஆப் ஸ்டோரில் தமிழில் "காலண்டர்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தினசரி காலண்டர்கள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், ராசிபலன், முகூர்த்த நாள். சிவகாசியில் அச்சாகி வரும் கிழிக்கிற காலண்டரின் போன் வடிவம். ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருடத்துக்கான மாதிரிகளை வெளியிடுகிற ஊர் அது. அந்தத் தாளைத் தினமும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் செயலிகள் சட்டென்று பிடித்துவிடும்.

அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை *காட்டும்* காலண்டர்கள். இன்றைக்கு என்ன திதி என்று காட்டும், அத்தோடு வேலை முடிந்தது. நமக்கு இங்கே வேண்டியது *வைத்திருக்கும்* காலண்டர். நாம் எழுதுவதை வாங்கி வைத்து, உரிய நேரத்தில் திருப்பித் தருவது. சில பஞ்சாங்கச் செயலிகளில் குறிப்பு எழுதும் வசதியும் இருக்கும். அந்தக் குறிப்பை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அதில் முக்கியமான எதையும் எழுத வேண்டாம். இரண்டு வகையையும் போனில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்காமல் இருந்தால் சரி.

செயலி பாஸ்புக், கணக்குதான் வங்கி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வங்கி பாஸ்புக் தொலைந்தால் பணம் போய்விடுவதில்லை. பாஸ்புக் வெறும் காட்சிதான், பணம் கணக்கில் இருக்கிறது. காலண்டர் செயலியும் அப்படித்தான். நீங்கள் எழுதும் தேதிகள் ஏதோ ஒரு *கணக்கில்* போய்ச் சேர்கின்றன. கூகுள் கணக்கோ, ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கோ, அலுவலகம் கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கோ. செயலி அந்தக் கணக்கைத் திறந்து காட்டும் பாஸ்புக். ஒரே கணக்கை இரண்டு மூன்று செயலிகளில் திறக்கலாம். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் தெரியும்.

ஆனால் வங்கி இல்லாமல் உண்டியலும் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் புதிய நிகழ்வு எழுதும்போது "எதில் சேமிக்க?" என்று ஒரு சின்ன வரி இருக்கும். அதில் உங்கள் ஜிமெயில் முகவரி இருக்கும். கூடவே "என் காலண்டர்" அல்லது "போன்" என்ற மாதிரி இன்னொன்றும் இருக்கும். அந்த இரண்டாவது, உண்டியல். அதில் போட்டது அந்தப் போனில் மட்டும் இருக்கும். போன் உடைந்தால் உண்டியலும் உடைந்தது. புதுப் போன் வாங்கி, அதே ஜிமெயிலில் நுழைந்து, "எல்லாம் வந்துடுச்சு, காலண்டர் மட்டும் வரலை" என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். செயலி தப்பு செய்யவில்லை. அந்தச் சின்ன வரியை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை: எந்தச் செயலியாக இருந்தாலும், புதிய நிகழ்வு ஒன்றைத் தொடங்கி, அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் இயல்பாகச் சேமிக்கும் காலண்டரை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

கடை மூடினாலும் கணக்கு நிற்கும்

செயலிகள் வரும், போகும். சன்ரைஸ் என்று ஒரு காலண்டர் செயலி இருந்தது. அழகானது, விரும்பிப் பயன்படுத்தியவர்கள் நிறைய. 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2016-ல் மூடிவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களின் தேதிகள் கூகுள், ஐகிளவுட் போன்ற கணக்குகளில் இருந்தன. சன்ரைஸ் அவற்றைத் திறந்து காட்டும் பாஸ்புக்காகத்தான் இருந்தது. வேறு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டார்கள், கதை முடிந்தது.

இன்னொரு உதாரணம் சிம்பிள் காலண்டர். விளம்பரம் இல்லாத, திறந்த மூலச் செயலி. 2023 கடைசியில் அந்தத் தொகுப்பு முழுவதும் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பயன்படுத்தியவர்களுக்குக் கோபம். திறந்த மூலம் என்பதால் அதே நிரலை எடுத்து ஃபாஸிஃபை என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார்கள். பழைய செயலியிலிருந்து தேதிகளைக் கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்ற முடிந்தது.

இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிவதற்குக் காரணம் ஒரு பொது வடிவம். அதற்கு ஐகாலண்டர் என்று பெயர், கோப்பின் வால்பெயர் ஐசிஎஸ். இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 1998-ல் இதை முதலில் வெளியிட்டது. 2009-ல் திருத்தி எழுதிய ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணம்தான் இன்றைக்கும் அடிப்படை. நடுவில் 2007-ல் கால்டாவ் என்ற விதிமுறையும் வந்தது. அது, ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் காலண்டரை இன்னொருவரின் செயலி திறந்து படிக்கவும் எழுதவும் வழி செய்கிறது. ஆப்பிள் போனில் கூகுள் காலண்டர் தெரிவது இந்த மாதிரிப் பொது விதிகளால்தான்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்தச் செயலியில் இருக்கும் என் தேதிகளை ஐசிஎஸ் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா, அல்லது நான் வேறு செயலியில் திறக்கக்கூடிய கணக்கில் அவை இருக்கின்றனவா?" இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்தச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எந்தக் கணக்கு?

*ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருப்பவருக்கு:* ஏற்கெனவே ஒரு கூகுள் கணக்கு இருக்கும். அதுவே போதும். கூகுள் காலண்டர் 2006-லிருந்து நடக்கிறது, கணினியின் பிரவுசரிலும் திறக்கும். தவறுதலாக அழித்த நிகழ்வு சுமார் ஒரு மாதம் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும், கணினியில் திறந்து மீட்கலாம். போனோடு வந்த சாம்சங் போன்ற நிறுவனங்களின் காலண்டர் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், சேமிக்கும் இடமாக மட்டும் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

*ஐபோன் வைத்திருப்பவருக்கு:* கூடவே வந்த காலண்டரும் ஐகிளவுட் கணக்கும் போதும். வீட்டில் மற்றவர்கள் ஆண்ட்ராய்டு வைத்திருந்தாலோ, அடுத்த போன் வேறாக இருக்கலாம் என்று தோன்றினாலோ, அதே ஆப்பிள் காலண்டருக்குள் கூகுள் கணக்கைச் சேர்த்து அதில் எழுதுங்கள்.

*கம்பெனி சர்வர் எதிலும் என் விஷயம் இருக்க வேண்டாம் என்பவருக்கு:* ஆண்ட்ராய்டில் ஃபாஸிஃபை காலண்டர். போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், இணைய அனுமதியே கேட்காது. ஆனால் இது தெரிந்தே தேர்ந்தெடுக்கும் உண்டியல். மாதம் ஒருமுறை ஐசிஎஸ் கோப்பாக எடுத்து வேறு இடத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் சரி. சர்வரிலும் இருக்க வேண்டும், ஆனால் நிறுவனத்தாலேயே படிக்க முடியக்கூடாது என்றால் புரோட்டான் காலண்டர் போன்ற முழு மறையாக்கம் கொண்டவை உண்டு. அதற்கு ஈடாக, அந்தக் காலண்டரை வேறு செயலியில் கால்டாவ் வழியாகத் திறக்க முடியாது.

அலுவலகக் கணக்கு, கல்லூரிக் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை நேரம் முழுக்க அந்தக் காலண்டர்தான் கண் முன்னால் இருக்கும், அதனால் குழந்தையின் தடுப்பூசித் தேதியையும் அதிலேயே எழுதிவிடத் தோன்றும். வேலையை விடும் நாளில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குள் இருப்பதும் அதோடு போகும். வீட்டு விஷயம் வீட்டுக் கணக்கில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க வேண்டுமானால் ஒரே செயலியில் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எளிமை என்றால் என்ன: ஐந்து சோதனைகள்

கணக்கு முடிவாகிவிட்டது. இனி அதைத் திறக்கும் செயலி எளிமையானதா என்று பார்க்க வேண்டும். திரையில் பொத்தான் குறைவாக இருப்பது எளிமை என்று நினைக்கிறோம். தேதியை நம்பி ஒப்படைக்க முடிவதுதான் எளிமை. கீழே உள்ள ஐந்தையும் செய்து பார்க்க அரை மணி நேரம் ஆகாது.

1. எழுதிப் பார்ப்பது. "வியாழன் மாலை 4 மணி, பல் டாக்டர்" என்று எழுதுங்கள். போனைத் திறந்ததிலிருந்து எழுதி முடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனால், ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கும்போது எழுத மாட்டீர்கள். "வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்" என்பீர்கள், மறப்பீர்கள். தமிழில் எழுதி, பிறகு "பல்" என்று தேடினால் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

2. இரண்டு நினைவூட்டல். ஒரே நிகழ்வுக்கு ஒரு நாள் முன்பு ஒன்று, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று என வைக்க முடிய வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் சொல்லி என்ன பயன்? இட்லி உள்ளே போயிருக்கும்.

3. திரும்பத் திரும்ப வருவது. மாதம் 31-ம் தேதி என்று ஒரு தொடர் நிகழ்வு போட்டுவிட்டு அடுத்த மாதங்களைப் புரட்டுங்கள். ஐகாலண்டர் விதிப்படி, இல்லாத தேதி தானாக 30-க்கு நகராது, அந்த மாதம் விட்டுப்போகும். அதாவது மாதக் கடைசியில் கட்ட வேண்டிய தவணைக்கு 31 என்று போட்டால் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஐந்திலும் காலண்டர் வாயைத் திறக்காது. இந்த மாதிரி விஷயத்தை 28-ம் தேதி என்று வைப்பது நல்லது. பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்கும் இதே கதிதான். அதோடு, ஒரு வாரத்தை மட்டும் மாற்றினால் "இது மட்டுமா, இனி வருவது எல்லாமா?" என்று செயலி கேட்கிறதா பாருங்கள். கேட்காவிட்டால் ஒரு வார டியூஷன் நேரத்தை மாற்றப்போய் மொத்த வருடமும் மாறிவிடும்.

4. பன்னிரண்டு மணிக் குழப்பம். மதியம் 12 என்பது 12 பிஎம். நள்ளிரவு 12 என்பது 12 ஏஎம். இதில் சறுக்காதவர்கள் குறைவு. இதைவிடப் பெரிய சறுக்கல் நாள் மாறுவதில் இருக்கிறது. நம் பேச்சில் விடிந்தால்தான் அடுத்த நாள். "சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு ரயில்" என்போம். கடிகாரக் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட்டில் ஞாயிறு தேதியும் 00:15 என்ற நேரமும் இருக்கும். அதைப் பார்த்து ஞாயிறு இரவு பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் முந்தின ராத்திரியே போயிருக்கும். செயலியில் 24 மணி நேர முறை இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பயணத்துக்கு முந்தின நாள் இரவு 9 மணிக்கு "இன்று ராத்திரி கிளம்பணும்" என்று தனியாக ஒரு நிகழ்வும் போடுங்கள். தேதியை வெறும் எண்ணாகக் காட்டும் செயலியில் 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வெளிநாட்டு நேரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், வருடம் முழுக்க மாறாது. அதனால் நமக்கு இது உறைப்பதில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் அவள் நேரம் காலை 10 மணிக்குப் பேசுகிறாள் என்று வையுங்கள். கோடையில் அது நமக்கு இரவு 7:30. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் இரவு 8:30. நிகழ்வை நியூயார்க் நேர மண்டலத்தில் எழுதினால் செயலி தானே சரி செய்துகொள்ளும். இந்திய நேரத்தில் எழுதினால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு மணி நேரம் முன்னதாகவே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொன்று: சென்னையில் இருந்துகொண்டு "செவ்வாய் காலை 10 மணி, சிங்கப்பூரில் நேர்காணல்" என்று மண்டலம் குறிக்காமல் எழுதினால், சிங்கப்பூரில் இறங்கியதும் அது 12:30 என்று காட்டும். நினைவூட்டல் வரும்போது நேர்காணல் முடிந்திருக்கும். நிகழ்வு எழுதும் இடத்தில் நேர மண்டலம் மாற்ற வசதி இல்லாத செயலியை, வெளியூர் போகிறவர்கள் தவிர்க்கலாம்.

பிறந்தநாள், திருமண நாள் போன்றவற்றை நேரம் கொடுக்காமல் "முழு நாள்" என்று எழுதுவதற்கும் இதுதான் காரணம். முழு நாள் நிகழ்வு எந்த ஊருக்குப் போனாலும் அதே தேதியில் நிற்கும். நள்ளிரவு 12 மணி என்று நேரம் கொடுத்து எழுதினால், லண்டன் போனதும் அது முந்தின நாள் மாலையில் உட்கார்ந்திருக்கும்.

திதியும் அமாவாசையும்

நம் வீடுகளில் ஆங்கிலத் தேதியில் நடக்காத காரியங்கள் நிறைய. தாத்தாவின் திதி, ஆடி அமாவாசை, கிருத்திகை விரதம், ஊர்க்கோயில் தேர். போன் காலண்டரில் "வருடந்தோறும் இதே தேதி" என்று போட்டால் இவை தவறாகத்தான் வரும். திதி சந்திரனின் போக்கைப் பொறுத்தது, வருடாவருடம் ஆங்கிலத் தேதியில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

தானாகக் கணக்கிடும் செயலியிடம் இதை ஒப்படைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டும் திதி தொடங்கும், முடியும் நேரத்தில் வேறுபடும். சில சமயம் நாளே மாறிவிடும். செயலி எதைப் பின்பற்றுகிறது, உங்கள் வீட்டில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்பது தெரியாமல் நம்பக்கூடாது.

சுலபமான வழி: புது வருடப் பஞ்சாங்கம் வந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அந்த வருடத்துக்கான தேதிகளைத் தனித்தனியாக முழு நாள் நிகழ்வுகளாக எழுதிவிடுங்கள். தொடராக வைக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து தேதிக்கு மேல் இருக்காது. அதோடு, அடுத்த வருடம் இதே வேலையைச் செய்ய "பஞ்சாங்கம் பார்த்துத் தேதி எழுது" என்று ஒரு நினைவூட்டலை மட்டும் ஏப்ரல் 14-க்கு வருடாந்திரத் தொடராக வைத்துவிடலாம்.

மணி அடிக்காத காலண்டர்

எல்லாம் சரியாக எழுதியும் நினைவூட்டல் வராமல் போகலாம். காரணம் பெரும்பாலும் போனில்தான் இருக்கும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, புதிதாக இறக்கும் செயலி அறிவிப்பு அனுப்ப நம் அனுமதியைக் கேட்க வேண்டும். விளம்பரத் தொல்லைக்குப் பயந்து "வேண்டாம்" என்று அழுத்திப் பழகிய கை, காலண்டருக்கும் அதையே அழுத்திவிடும். அதோடு சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. செட்டிங்ஸில் காலண்டர் செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா, பேட்டரிக் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கிறதா என இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு சோதியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு நிகழ்வு, நாளை காலை 6 மணிக்கு ஒன்று. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், ராத்திரியில் போன் செயலியைத் தூங்க வைத்துவிட்டது என்று அர்த்தம். பழைய வழிகாட்டிகளில் "கூகுள் காலண்டர் எஸ்எம்எஸ் அனுப்பும்" என்று இருக்கும். அந்த வசதி 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது, அதை நம்ப வேண்டாம்.

வேண்டாத விருந்தாளிகள்

திடீரென்று காலண்டரில் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று ஒரு நிகழ்வு முளைத்தால் பதற வேண்டாம். யாரோ அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் காலண்டர் அதைத் தானாகச் சேர்த்துக்கொண்டது. அதிலுள்ள இணைப்பை மட்டும் தொடாதீர்கள். கூகுள் காலண்டர் செட்டிங்ஸில், தெரிந்தவர்கள் அனுப்பும் அழைப்பை மட்டும் சேர்க்கும்படி மாற்றலாம். ஐபோனில் இப்படி வரிசையாக முளைத்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிக் காலண்டருக்கு நீங்கள் சந்தா ஆகியிருப்பீர்கள். நிகழ்வுகளை ஒவ்வொன்றாக அழிக்காமல் அந்தச் சந்தாவையே நீக்குங்கள்.

புதிதாக இறக்கும் எந்தச் செயலிக்கும் காலண்டர் அனுமதி கொடுக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த அனுமதி, உங்கள் ஆஸ்பத்திரி, வங்கி, பயணத் தேதிகள் அத்தனையையும் படிக்கக் கொடுக்கும் அனுமதி. அதேபோல் குடும்பத்தோடு பகிரும்போது குறிப்பிட்டவர்களின் மின்னஞ்சலைச் சேர்த்துப் பகிருங்கள். "எல்லோருக்கும் பொது" என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கும், அது கோயில் திருவிழா அட்டவணைக்குச் சரி. வீடு பூட்டியிருக்கும் தேதிகளுக்குச் சரிவராது.

முதல் மாதம்

ஒரே நாளில் வாழ்க்கை முழுவதையும் ஏற்றிவிட வேண்டாம். முதல் வாரம் பத்தே பத்துத் தேதி: அடுத்த டாக்டர் சந்திப்பு, இன்சூரன்ஸ், வாகன இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் காலாவதிக்கு ஒரு வருடம் முந்தைய தேதி, கட்டணத் தேதிகள், நெருங்கியவர்களின் பிறந்தநாட்கள். இரண்டாவது வாரம் போனின் முகப்புத் திரையில் காலண்டர் விட்ஜெட்டை வையுங்கள். தேடிப்போய்த் திறக்க வேண்டிய காலண்டரை நாம் திறப்பதில்லை. கிழிக்கிற காலண்டரின் பலமே அது கண்ணில் படும் இடத்தில் தொங்குவதுதான்.

மூன்றாவது வாரம் வீட்டில் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். கணினியில் திறந்து "வீடு" என்று தனியாக ஒரு காலண்டரை உருவாக்கி அதை மட்டும் பகிர்வது சுத்தம். நான்காவது வாரம் கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் கணினியில் காலண்டர் செட்டிங்ஸுக்குப் போய் ஒருமுறை எல்லாவற்றையும் கோப்பாக இறக்கிப் பாருங்கள். போனில் உள்ள கூகுள் செயலியில் அந்த வசதி தேடினால் கிடைக்காது. பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை அந்தக் கோப்பை எடுத்து வைத்தால் போதும்.

இந்த ஒரு மாதமும் சுவர்க் காலண்டரைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டிலும் எழுதுங்கள். எப்போது சுவரைப் பார்க்காமலேயே போனைப் பார்த்து "அன்னிக்கு முடியாது, வேற நாள் சொல்லுங்க" என்று தைரியமாகச் சொல்கிறீர்களோ, அப்போது மாறிவிட்டீர்கள் என்று பொருள். அதற்குப் பிறகு வேறு அழகான செயலி வந்தாலும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். பாஸ்புக் மாறும், கணக்கில் இருப்பது அப்படியே இருக்கும்.